ஆய்வுக்கட்டுரையில் யார் பெயர், எந்த இடத்தில்? தாவர உயிரித்தொழில்நுட்ப மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2000 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. நெல்லின் வெண்மையான அரிசிப் பகுதியில், உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் உருவாக வழி செய்த ஆய்வு அது. ‘தங்க அரிசி’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கட்டுரையின் தலைப்பில் ஏழு பெயர்கள், இந்த வரிசையில்: ஷுடோங் யே, சலீம் அல்-பாபிலி, ஆண்ட்ரியாஸ் க்ளோட்டி, ஜிங் ஜாங், பாவ்லா லூக்கா, பீட்டர் பேயர், இங்கோ போட்ரிகஸ். அதே ஆண்டு ஜூலையில் ‘டைம்’ வார இதழின் அட்டைப்படத்தில் இடம்பெற்றவர், இந்த வரிசையில் கடைசியாக நிற்கும் போட்ரிகஸ். கட்டுரையை மேற்கோள் காட்டும்போது எழுதப்படுவதோ ‘யே மற்றும் பிறர், 2000’.

கண்டுபிடிப்பு முதல் பெயருக்கு உரியதா, கடைசிப் பெயருக்கு உரியதா? நடுவில் நிற்கும் ஐவரை எங்கே வைப்பது? முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த மாணவருக்கு இந்தக் கேள்வி முதல் ஆண்டிலேயே வர வேண்டும். பெரும்பாலும் ஐந்தாம் ஆண்டில், கட்டுரையை அனுப்பும் நாளுக்கு முந்தைய வாரத்தில்தான் வருகிறது. அதற்குள் பாதி விஷயங்கள் கைமீறிப் போயிருக்கும். ஆகவே ஆய்வு நடக்கும் வரிசையிலேயே படிகளைச் சொல்கிறேன்.

முதல் படி: பெயர்ப் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள்

கணிதத்திலும் பொருளியலிலும் பெயர்களை அகர வரிசையில் போடும் வழக்கம் பரவலாக உண்டு. நம் துறையில் அப்படியில்லை. இங்கே முதல் இடம் சோதனைகளைப் பெருமளவில் செய்து முதல் வரைவை எழுதியவருக்கு. கடைசி இடம் ஆய்வகத் தலைவருக்கு. கடைசிக்கு முந்தைய இடம் பெரும்பாலும் கூட்டாக வேலை செய்த இன்னொரு ஆய்வகத்தின் தலைவருக்கு. தங்க அரிசிக் கட்டுரையில் இதை அப்படியே பார்க்கலாம். யே, போட்ரிகஸ் இருவரும் சூரிச்சின் ஈ.டி.எச். நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அல்-பாபிலியும் பேயரும் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தினர். முதல் இரண்டு இடங்களில் இரு ஆய்வகங்களின் இளையவர்கள், கடைசி இரண்டு இடங்களில் அவற்றின் மூத்தவர்கள். சூரிச்சுக்கும் ஃப்ரைபுர்க்குக்கும் இடையே பங்கு எப்படிப் பிரிந்தது என்பதைப் பெயர் வரிசையே காட்டிவிடுகிறது.

தொடர்பு ஆசிரியர் என்ற குறி தனி. இதழுடன் கடிதப் போக்குவரத்து நடத்துவதும், பிற்காலத்தில் விதையோ பிளாஸ்மிடோ (மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்) கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்வதும் அவர் பொறுப்பு. நம் நாட்டில் இதை ஒரு கௌரவப் பட்டமாகவே பார்க்கிறார்கள், காரணம் பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் அதற்குக் கிடைக்கும் மதிப்பெண். அதற்குப் பிறகு வருகிறேன்.

‘இருவரும் சமப் பங்களித்தனர்’ என்று நட்சத்திரக் குறி போட்டு அடிக்குறிப்பு எழுதுவதும் இப்போது பெருகிவிட்டது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் மேற்கோளில் நிற்பது முதலில் அச்சான பெயர் மட்டுமே. நட்சத்திரம் அங்கே வருவதில்லை. சமப் பங்குக்கு ஒத்துக்கொள்ளும்போது யார் பெயர் முதலில் அச்சாகும் என்பதையும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

இரண்டாம் படி: யார் ஆசிரியர், யார் நன்றிக்கு உரியவர்

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைத்தான் தாவர அறிவியல் இதழ்கள் பலவும் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவு திரட்டுவதிலோ, அதை ஆராய்வதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அறிவார்ந்த முறையில் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் அதை முறையாக விசாரித்துத் தீர்க்கப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் ஒருசேர இருந்தால்தான் ஆசிரியர்.

இதில் ஒரு சூழ்ச்சி நடப்பதுண்டு. இரண்டு ஆண்டுகள் பி.சி.ஆர். (டி.என்.ஏ.-வைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்த இளைய ஆய்வாளருக்கு வரைவையே காட்டாமல் வைத்திருந்துவிட்டு, ‘நீ எழுதவில்லையே, இரண்டாம் நிபந்தனை நிறைவேறவில்லையே’ என்று பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தக் குழுவே இதை முன்கூட்டி யோசித்திருக்கிறது. முதல் நிபந்தனையை நிறைவேற்றிய ஒவ்வொருவருக்கும் மற்ற மூன்றையும் நிறைவேற்ற வாய்ப்புத் தர வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

விதை கொடுத்தவர், மரபணுவைச் செடிக்குள் கொண்டுசெல்லும் வெக்டர் கொடுத்தவர், பசுமைக்குடிலில் தண்ணீர் ஊற்றியவர், காசு வாங்கிக்கொண்டு டி.என்.ஏ.-வை வரிசைப்படுத்தித் தந்த நிறுவனம் ஆகியோர் பொதுவாக நன்றியுரைக்கு உரியவர்கள். ‘பொதுவாக’ என்றதற்குக் காரணம் உண்டு. இண்டிகா நெல் ரகங்களில் கேலஸிலிருந்து (உறுப்பாகப் பிரியாத செல் திரளிலிருந்து) செடியை மீட்டெடுப்பது ஜப்பானிகா ரகங்களைப் போல எளிதல்ல. வெள்ளைப் பொன்னி போன்ற ரகத்துக்கு ஹார்மோன் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, கருகும் கேலஸைப் பச்சையாக்கிக் காட்டிய ஆய்வக உதவியாளர் வெறும் கைவேலை செய்தவர் அல்லர். ஆய்வு முறையை உருவாக்கியவர். சம்பளம் வாங்குகிறார் என்பதற்காக அவரை நன்றியுரைக்குத் தள்ளுவது சரியென்று எனக்குப் படவில்லை. சம்பளம் பேராசிரியரும்தான் வாங்குகிறார்.

துறைத்தலைவர் என்பதற்காகவும், கருவியைப் பயன்படுத்த அனுமதித்தார் என்பதற்காகவும், நிதி வாங்கித் தந்தார் என்பதற்காகவும் மட்டும் பெயர் சேர்ப்பது அன்பளிப்பு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆசிரியராகப் போடக் கூடாது என்பதை 2023-இலேயே அந்தக் குழு தெளிவாக்கிவிட்டது. கேள்வி கேட்டால் பொறுப்பேற்க அவற்றால் முடியாது.

பொறுப்பு என்பது ஏட்டளவு நிபந்தனை அல்ல. தங்க அரிசியைச் சீனக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் நியூட்ரிஷன்’ இதழில் வந்தது, 2015-இல் திரும்பப் பெறப்பட்டது. பிரச்சினை எண்களில் இல்லை. பெற்றோரின் ஒப்புதலுக்கும் நெறிமுறை அனுமதிக்கும் போதிய சான்று காட்டப்படவில்லை. சீனாவில் அதில் பங்கேற்ற அதிகாரிகள் மூவர் பதவியும் இழந்தனர். உங்கள் கட்டுரையில் நீங்கள் பார்த்தே இராத பகுதி எது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கேலஸ் போடும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்

நம் துறைக்கே உரிய சிக்கல் இங்குதான் இருக்கிறது. மற்ற உயிரியல் ஆய்வகங்களில் ஒருவர் தொடங்கியதை அவரே முடித்துவிடலாம். செடி அப்படி விடுவதில்லை.

நெல்லை எடுத்துக்கொள்வோம். விதையிலிருந்து கேலஸ் எடுத்து, மரபணுவைச் செல்லுக்குள் புகுத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவுடன் இணைவளர்ப்புச் செய்து, மரபணு ஏறாத செல்களைக் கொல்லும் ஹைக்ரோமைசின் கலந்த ஊடகத்தில் தேர்ந்தெடுத்து, தளிர் வரவைத்து, வேர் வரவைத்து, பசுமைக்குடிலில் பழக்கப்படுத்துவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அது டி-0, அதாவது மரபணு புகுத்தப்பட்ட முதல் தலைமுறை. அதில் புகுத்திய மரபணுவின் ஒற்றைப்பிரதி கொண்ட செடிகளைச் சதர்ன் பிளாட் என்ற டி.என்.ஏ. சோதனையில் பொறுக்கி, விதை எடுத்து டி-1 விதைத்தால் மரபணு உள்ளவையும் இல்லாதவையும் மூன்றுக்கு ஒன்று என்று பிரியும். எந்த டி-1 செடி கலப்பில்லாத வரிசை (ஒரே செடியின் சந்ததி) என்பது அதன் டி-2 விதைகளை முளைக்க வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் வறட்சித் தாங்கும் திறனோ நோய் எதிர்ப்போ சோதிக்க முடியும். இதற்கிடையில் டி-0 செய்த மாணவர் பட்டம் வாங்கிப் போயிருப்பார். அவர் விட்டுப்போன விதை உறை, பென்சில் கிறுக்கலோடு குளிர்பெட்டியில் கிடக்கும். புதிதாக வந்தவர் அதை எடுத்து விதைத்து, தரவு திரட்டி, கட்டுரையும் எழுதிவிடுவார். உறையில் பெயர் அழிந்திருந்தால் கட்டுரையிலும் அழிந்துவிடும்.

தங்க அரிசிக் கதையிலேயே இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. 2000 கட்டுரைக்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 1997-இல், அதே இரு ஆய்வகங்களும் ‘பிளான்ட் ஜர்னல்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டன. டாஃபோடில் பூச்செடியின் ஃபைட்டோயீன் சிந்தேஸ் மரபணுவை நெல்லில் புகுத்தினால், பீட்டா கரோட்டினுக்கு முந்தைய பொருளான ஃபைட்டோயீன் அரிசியில் சேர்கிறது என்று காட்டியது அது. முதல் ஆசிரியர் பீட்டர் பர்க்ஹார்ட். 2000 கட்டுரையின் ஏழு பேரில் அவர் இல்லை. அதனால் அவர் பங்களிப்பு மறைந்துவிடவில்லை. அரிசிக்குள் அந்தப் பாதையைத் திறக்க முடியும் என்று காட்டியதற்கான கட்டுரை அவர் பெயரில் நிற்கிறது. பெரிய கட்டுரை ஒருநாள் வரும், அதில் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல், கட்டம் முடிந்ததும் அதை வெளியிட்டுவிடுவது உத்தமம்.

அது முடியாத இடத்தில் காகிதம்தான் துணை. ஆய்வகக் குறிப்பேட்டில் ஒவ்வொரு மரபணு மாற்ற வரிசைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி இருந்தால் போதும்:

‘வரிசை வெ.பொ.-3. வெக்டர்: பி-கேம்பியா 1301 அடிப்படை. டி-0 செடிகள் 11, ஒற்றைப்பிரதி 3 (சதர்ன் படம் இப்பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளது). உருவாக்கியவர் பெயர், கையொப்பம். டி-1 விதை ஒப்படைத்த நாள். பெற்றுக்கொண்டவர் கையொப்பம். நெறியாளர் கையொப்பம்.’

அதன் கீழே ஓர் உடன்பாடு: ‘இவ்வரிசைகளைக் கொண்டு வெளிவரும் முதல் கட்டுரையின் வரைவு, டி-0 செடிகளை உருவாக்கி மூலக்கூறு அளவில் உறுதிசெய்தவருக்கு அனுப்பப்படும், அவர் ஆசிரியராக இருப்பார். டி-2 சோதனைகளை முடித்து முதல் வரைவை எழுதுபவர் முதல் ஆசிரியர். தொகுப்பில் ஒற்றைப்பிரதிச் செடி எதுவும் இல்லாமல் மீண்டும் உருவாக்க நேர்ந்தால் இதை மறுபடி பேசுவோம்.’

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஆய்வு நினைத்தபடி நடப்பதில்லை, உடன்பாடும் அதற்கேற்ப நெகிழ வேண்டும். தலைமுறை மாறும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்ப்பதை ஆய்வக வழக்கமாக்கிவிடுங்கள்.

நெறியாளரிடம் இதை எப்படிக் கேட்பது என்று மாணவர்கள் தயங்குவார்கள். நேரடியாக ‘என் பெயர் எங்கே வரும்?’ என்று கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். ‘சார், விதை கைமாறும்போது கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாமா? பின்னால் தணிக்கைக்கும் உதவும்’ என்று தொடங்குங்கள். மரபணு மாற்றப் பயிர் ஆய்வில் பொருள்களின் கணக்கை எப்படியும் வைத்தாக வேண்டும். உயிரியல் பாதுகாப்புக் குழு கேட்கும். அந்தக் கணக்கோடு பெயரும் சேர்ந்துகொள்ளட்டும்.

நான்காம் படி: பங்களிப்பை வகை பிரித்து எழுதுங்கள்

கிரெடிட் (CRediT) என்று அழைக்கப்படும் பதினான்கு வகைப் பங்களிப்புப் பட்டியல் இப்போது பெரும்பாலான பதிப்பகங்களின் படிவத்தில் இருக்கிறது. கருத்துருவாக்கம், ஆய்வு முறை, சோதனை, தரவுப் பராமரிப்பு, சரிபார்ப்பு, முதல் வரைவு, திருத்தம், மேற்பார்வை, நிதி திரட்டல் என்று போகும். 2022-இல் அமெரிக்காவில் அது முறையான தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. இது யார் ஆசிரியர் என்று தீர்மானிப்பதில்லை, ஆசிரியரானவர் என்ன செய்தார் என்று மட்டுமே சொல்கிறது. படிவத்தைத் தொடர்பு ஆசிரியர் தனியாக உட்கார்ந்து நிரப்பினால், எல்லோர் பெயருக்கும் நேரே ‘திருத்தம்’ என்று வந்து நிற்கும். நீங்களே உங்கள் வரியை எழுதிக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்

தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான். இதழ்களின் இணையப் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகரவே மறுக்கும். கவிதா, தந்தை பெயர் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் ‘ஆர். கவிதா’, அடுத்ததில் ‘கவிதா ராமசாமி’, மேற்கோள் பட்டியலில் ‘ராமசாமி கே.’. தரவுத்தளத்துக்கு இவர்கள் மூன்று பேர். மேற்கோள்களும் மூன்றாகச் சிதறும். ‘கே. ராமசாமி’ என்ற பெயரில் உண்மையாகவே இருக்கும் வேறொருவர் கணக்கில் போய்ச் சேர்ந்தாலும் வியப்பில்லை.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவுசெய்து கடைசிவரை மாற்றாதீர்கள். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 2012-இல் தொடங்கிய இலவச ஏற்பாடு அது, பதினாறு இலக்க எண். பெயர் எப்படி அச்சானாலும் ஆளை அது பிடித்து வைக்கும்.

ஆறாம் படி: எப்படி எண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே கட்டுரை, எண்ணும் முறையைப் பொறுத்து வேறு வேறு மதிப்புப் பெறும். மறுபடியும் தங்க அரிசி ஏழு பேர்.

முழு எண்ணிக்கை: ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு கட்டுரை. கூகுள் ஸ்காலரும் எச்-குறியீடும் இப்படித்தான் இயங்குகின்றன. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த எச்-குறியீட்டில் (ஆளுக்குக் குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் குறியீடு பத்து) பெயரின் இடத்துக்கோ ஆசிரியர் எண்ணிக்கைக்கோ மதிப்பே இல்லை. நடுவில் ஐந்தாவதாக நின்றாலும் மேற்கோள் முழுதாக வந்து சேரும்.

பின்ன எண்ணிக்கை: ஒன்றை ஏழால் வகுத்தால் ஆளுக்கு 0.143. நேச்சர் இன்டெக்ஸ் வெளியிடும் பங்கு அளவு இந்த வகை. ஆள் கூடினால் எல்லோருக்கும் குறையும்.

இசைமுறை எண்ணிக்கை: முதல்வருக்கு ஒன்று, இரண்டாமவருக்கு அரை, மூன்றாமவருக்கு மூன்றில் ஒன்று என்று போட்டு, மொத்தம் நூறு விழுக்காடாகும்படி சமன்செய்வது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். யே 38.6, அல்-பாபிலி 19.3, பேயர் 6.4, போட்ரிகஸ் 5.5 விழுக்காடு. இரண்டு ஆய்வகங்களின் தலைவர்கள், அந்த ஆய்வைப் பல ஆண்டுகள் சுமந்தவர்கள், சேர்ந்து 12 விழுக்காடுகூட இல்லை! வாய்ப்பாடு தப்பில்லை. கடைசி இடம் என்றால் குறைந்த பங்கு என்று அது எடுத்துக்கொள்கிறது, நம் துறையில் அது பொருந்தாது. கடைசிப் பெயருக்கும் முதல் பெயருக்கு இணையாகத் தரும் திருத்திய வடிவங்கள் இருக்கின்றன. எந்த எண்ணைக் கண்டாலும், எந்தத் துறையின் வழக்கத்தை வைத்துச் செய்தது என்று கேளுங்கள்.

இனி நம் வீட்டுக் கணக்கு. பேராசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2018 விதிமுறைகளில், அறிவியல், வேளாண்மைத் துறைகளில் ஏற்கப்பட்ட இதழில் வரும் கட்டுரைக்கு அடிப்படை மதிப்பெண் 8. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் என்றால் முதல் அல்லது முதன்மை அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70 விழுக்காடு, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. ஆறு பேர் கட்டுரையில் முதல் ஆசிரியரும் தொடர்பு ஆசிரியரும் 5.6 வீதம் பெற்று, மற்ற நால்வர் 2.4 வீதம் பெற்றால் மொத்தம் 20.8. எட்டு மதிப்பெண் கட்டுரை இருபதுக்கு மேல் ஈன்றுவிட்டது. ஏழாவதாக ஒரு பெயரைச் சேர்த்தால் 23.2. ஏற்கெனவே இருந்த ஆறு பேரில் யாருக்காவது குறைந்ததா? ஒரு புள்ளிகூட இல்லை.

அன்பளிப்பு ஆசிரியர்கள் ஏன் பெருகுகிறார்கள் என்பதற்குத் தனிமனித ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. சேர்ப்பவருக்கு நட்டமில்லை, சேர்க்கப்படுபவருக்கு லாபம், மறுப்பவருக்கு மட்டும் பகை. இந்தக் கணக்கு இருக்கும்வரை பெயர்கள் சேரத்தான் செய்யும். பின்ன எண்ணிக்கையாக இருந்தால் ஏழாவது பெயர் வரும்போது ஆளுக்கு 0.167 என்பது 0.143 ஆகும். அப்போது ‘இவர் என்ன செய்தார்?’ என்று யாராவது கேட்பார்கள். அதற்கும் குறை உண்டு. கூட்டாய்வுக்கு வர எல்லோரும் தயங்குவார்கள்.

மேற்கோள் எண்ணிக்கையும் பங்களிப்பின் அளவல்ல, பயன்பாட்டின் அளவு. திசு வளர்ப்பு அறையில் எம்.எஸ். ஊடகம் என்று தினமும் சொல்கிறோமே, அது 1962-இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் எழுதிய கட்டுரை. மாணவர் பெயர் முதலில், பேராசிரியர் பெயர் அடுத்து. தாவர அறிவியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று. அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் பூங்கொத்தை அக்ரோபாக்டீரியக் கரைசலில் முக்கியெடுக்கும் எளிய முறையை 1998-இல் எழுதிய கிளஃப், பென்ட் கட்டுரையும் அப்படியே. முறை சொல்லும் கட்டுரை, புதிய உண்மை சொல்லும் கட்டுரையைவிட மேற்கோளில் பல சமயம் முந்தும்.

இதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளை) வைத்து ஆளை மதிப்பிடக் கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் சொல்கிறது. நேர்காணல் அறைக்குள் அது இன்னும் முழுதாக நுழையவில்லை. ஆகவே தன்விவரத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, நீங்கள் செய்தது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். ‘டி-0 முதல் டி-2 வரை வரிசைகளை உருவாக்கினேன், படம் 2, 3 என்னுடையவை’ என்ற வரியைப் பார்த்த தேர்வுக் குழு அதைப் பற்றித்தான் கேள்வி கேட்கும்.

பெருங்கூட்டுக் கட்டுரைகளும் காப்புரிமையும்

2000 டிசம்பரில் வந்த அரபிடாப்சிஸ் மரபணுத்தொகுதிக் கட்டுரைக்கு ஆசிரியர் ஒரு கூட்டமைப்பு. 2005-இன் நெல் மரபணுத்தொகுதியும் அப்படியே, அதில் இந்திய ஆய்வகங்களுக்கும் பங்குண்டு. 2018 கோதுமைக் கட்டுரையில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள். இவற்றில் உங்கள் பெயர் இருந்தால் மகிழுங்கள், ஆனால் மேலே சொன்ன ஒரு வரி விளக்கம் இல்லாமல் காட்டாதீர்கள்.

காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர் என்பது வேறு கணக்கு. அது சட்டம், மரியாதைக்கு இடமில்லை. கருத்தைத் தோற்றுவித்தவர்தான் அங்கே வருவார். சொன்னபடி சோதனை செய்தவர் கட்டுரையில் முதல் ஆசிரியராகவும் காப்புரிமையில் இல்லாமலும் இருக்கலாம், இரண்டும் சரியே. இன்னொன்று: காப்புரிமை விண்ணப்பம் பதிவாகும் முன் கட்டுரையோ மாநாட்டுச் சுவரொட்டியோ வெளிவந்தால் உரிமையே போகலாம். பெயர்ச் சண்டைக்கு முன் தேதியைப் பாருங்கள்.

தகராறு வந்துவிட்டால்

கட்டுரை இன்னும் அனுப்பப்படவில்லை என்றால் பேச்சுதான் முதல் வழி. குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலோடு, மின்னஞ்சலில், சுருக்கமாக: ‘மதிப்பிற்குரிய ஐயா, வரைவின் படம் 2, வரிசை வெ.பொ.-3 ஆகியவை நான் உருவாக்கியவை. குறிப்பேட்டுப் பக்கம் இணைத்துள்ளேன். ஆசிரியர் பட்டியல் குறித்துத் தங்களைச் சந்தித்துப் பேச நேரம் ஒதுக்க வேண்டுகிறேன்.’ குற்றச்சாட்டு வேண்டாம். எழுத்தில் இருப்பதும் தேதி இருப்பதும் போதும்.

அனுப்பிய பிறகு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வரிசையை மாற்றவோ, பட்டியலில் உள்ள எல்லோருடைய எழுத்துபூர்வ ஒப்புதலையும் இதழ்கள் கேட்கும். வெளியீட்டு நெறிகளுக்கான கோப் (COPE) அமைப்பு இதற்கான வழிமுறைப் படங்களையே வெளியிட்டிருக்கிறது. இதழாசிரியர் நீதிபதியாக உட்கார மாட்டார், உங்கள் நிறுவனத்துக்குத்தான் திருப்பி அனுப்புவார். வெளியான பிறகு என்றால் திருத்த அறிவிப்பு, அதற்கும் எல்லோருடைய சம்மதம். ஒருவர் மறுத்தாலும் மாதக்கணக்கில் நிற்கும்.

உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரைச் சேர்த்திருந்தால் தாமதிக்காதீர்கள். பெரும்பாலான இதழ்கள் கட்டுரை வந்ததும் எல்லா ஆசிரியர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்புகின்றன. அதைக் குப்பைப் பெட்டியில் தேடிப் பார்த்து, நீங்கள் படிக்காத கட்டுரை என்றால் அன்றே பதில் எழுதி, வரைவை வாங்கிப் படியுங்கள், அல்லது பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.